பதினேழாம் எண் பச்சைக் கதவு

நூலகத்தின் பழைய புத்தகப் பிரிவில் என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், தங்கள் பரம்பரையில் ஒரு பெரிய மனிதரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்வார்கள். மீட்டர் அக்கா கேட்டது ஒரு கதவை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

முப்பது வருடம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா இறந்தபோது அவருக்கு ஐந்து வயது. அப்பாவைப் பற்றி அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஞாபகம்: பச்சைக் கதவு போட்ட கடை, முக்காலியில் உட்கார்ந்து அப்பா குடைக்கம்பி வளைக்கிறார், பக்கத்து அச்சகத்தில் இயந்திரம் ஓடும்போதெல்லாம் முக்காலி அதிர்கிறது. "அப்பாவுக்குக் கடையே கிடையாது. கனவு கண்டிருப்ப" என்று அறுபது வருடமாக அவர் மூக்கை உடைத்து வந்தார் அண்ணன். இத்தனைக்கும் அப்பாவின் கடைசி வருடங்களில் அண்ணன் மாமா வீட்டில் தங்கிப் படித்தவர். தான் பார்க்காதது நடந்திருக்காது என்பது அவர் கட்சி. அம்மாவோ, கேட்டால் "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று எழுந்து போய்விடுவாராம்.

பழைய வியாபார டைரக்டரிகளை எடுத்துக் கொடுத்தேன். ஊர்க் கடைகளின் விவரம், வருடத்துக்கு ஒன்று, தலையணை கனம். பெயர் வரிசையில் அக்கா தன் அப்பாவைத் தேடினார். எட்டு வருடப் புத்தகங்களிலும் இல்லை. முகம் வாடிவிட்டது. பார்த்தேயிராத அண்ணன் மேல் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

"பேரைத் தேடினது என் தப்பு தம்பி. மீட்டர் பாக்கப் போனா யார் பேரையும் தேட மாட்டோம். கதவு கதவாத்தான் போவோம்."

டைரக்டரியின் பின்பகுதியில் தெருவாரியான பட்டியல் உண்டு. தெருவின் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பி வரும். அச்சகம் இருக்கும் தெருவைத் தேடி, தெருத் தெருவாக அக்கா விரலை நடக்க விட்டார். பதினைந்து, அச்சகம். பதினேழு, குடை பழுது பார்க்குமிடம். ஒரே ஒரு வருடத்துப் புத்தகத்தில்தான் இருந்தது. முந்தைய வருடம் அங்கே பொத்தான் கடை. அடுத்த வருடம் காலி. உரிமையாளர் என்று அச்சாகியிருந்தது அவர் அம்மாவின் பெயர்.

"எங்கப்பா வேலை பாத்தது எங்கம்மாகிட்டயா" என்று அக்கா சிரித்த சிரிப்பில், 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த நானும் சிரித்துவிட்டேன்.

மதியம் அண்ணனைக் கையோடு இழுத்து வந்தார். அண்ணன் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு தடவை படித்தார்.

"நான் சொன்னது சரிதானே? அப்பாவுக்குக் கடை இல்ல. அது அம்மாவோடது."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். ஆனால் புத்தகத்தை அவர் மூடவில்லை. அம்மாவின் பெயர்மேல் விரலை ஓட்டினார். அப்புறம் நாற்காலியைத் தங்கை பக்கம் திருப்பினார்.

"கதவு என்ன நிறம்னு சொன்ன?"

"பச்சை."

"முக்காலி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அக்கா என் பேனாக்களை ஓரமாக ஒதுக்கி, மேசையையே கடையாக்கி, வாசலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.