சோடை பொறுக்கிய ஃபைல்

மிளகாய் வத்தல் நெடி ஏறினால் மற்றவர்களுக்குத் தும்மல் வரும். எனக்குப் பயம் வரும். எந்த ஊர்ச் சந்தையானாலும் சரி, ஒரு சாக்கு பிரிந்து அந்தக் காரம் காற்றில் கலந்ததும், கோவில்பட்டியின் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும். ஒரு கறுப்புத் திரை, ஒரு ஃப்ளாப்பி, என் வீட்டுக்காரரின் சிரித்த முகம்.

புத்தாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு முட்டிக்கொண்டிருந்தேன். பதிவுக் காலம் முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. நான் உண்டாக்கிய ஒரு சேர்மத்தில் அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பது தெரிந்தால்தான் கடைசி அத்தியாயம் எழுத முடியும். அதற்குப் படிகம் வேண்டும். கரிசல் வெயிலில் படிகம் வளர்ப்பது லேசா? திரவம் ஆவியாகி ஓடிவிடும், படிகம் பொடியாய் உதிரும். ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்துக் கிடந்து, சீசாவின் அடியில் கற்கண்டுத் துணுக்கு மாதிரி நாலைந்து விளைந்தன. நல்லதாக ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்து எக்ஸ்ரே கருவியில் வைத்தார்கள்.

படிகத்துக்குள் புகுந்த கதிர் ஆயிரக்கணக்கான புள்ளிகளாய்ச் சிதறும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி. மூன்று முழு எண்கள் அதன் முகவரி, அடுத்து அதன் பிரகாசம், அடுத்து அந்த அளவில் எவ்வளவு சந்தேகம் என்பது. அவ்வளவுதான் ஃபைல். கருவி பார்ப்பவர் அதை ஒரு ஃப்ளாப்பியில் போட்டுக் கூரியரில் அனுப்பினார். பகலில் எங்கள் வீட்டில் ஆள் இருக்காது என்று வீட்டுக்காரரின் கடை முகவரியைக் கொடுத்திருந்தேன்.

அவருக்கு வத்தல் கமிஷன் கடை. பசுவந்தனையிலிருந்தும் எப்போதும்வென்றானிலிருந்தும் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் மூட்டை மூட்டையாய்க் கொண்டுவந்து இறக்குவார்கள். தரையில் கொட்டிப் பரப்பி, சிவப்பு ஏறாமல் வெளுத்துப்போன வத்தலைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் எடை. அந்த வெளுப்புக்குச் சோடை என்று பேர். சோடையோடு சரக்கைக் கைமாற்றுவது அந்தத் தெருவில் மானக்கேடு. அந்த வருஷம்தான் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அட்டவணை போடவும் வரிசைப்படுத்தவும் பழகியிருந்தார். பழகிய கை சும்மா இருக்குமா?

வெள்ளிக்கிழமை காலை, அவர் கொடுத்த ஃப்ளாப்பியைக் கல்லூரிக் கணினியில் செருகினேன். ஃபைலின் பெயரைக் கொடுத்து மென்பொருளை ஏற்றச் சொன்னேன். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் வாங்கிக்கொண்டது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. சந்தோஷப்பட்டேன், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடுத்தது, படிகத்தின் சமச்சீர் எந்த வகை என்று மென்பொருள் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிரகாசமான புள்ளிகளைவிட முக்கியம், எந்தெந்த முகவரிகளில் ஒளியே இல்லை என்பது. ஓர் ஒழுங்கோடு விட்டு விட்டு வரும் அந்த இருட்டுதான் சாட்சி. திரை சொன்னது: சோதித்துப் பார்க்க அப்படி இருண்ட ஒரு வரிகூட இல்லை. வரவேண்டிய வரிகளில் பாதியைக் காணோம்.

ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழே இறங்கினேன். பிரகாசத்தின் பத்தியில் ஒரு பூஜ்யம் இல்லை. ஒரு கழித்தல் குறி இல்லை. மங்கலான புள்ளியில் பின்னணி வெளிச்சத்தைக் கழித்தால் சிலது பூஜ்யத்துக்குக் கீழே போகத்தான் செய்யும். எந்தக் கருவியும் இவ்வளவு சுத்தமாக அளக்காது. சுத்தம். அந்தச் சொல் மனதில் விழுந்ததும் யார் கை என்று தெரிந்துவிட்டது.

மத்தியான வெயிலில் எப்படிக் கடைக்குப் போனேன் என்று நினைவில்லை.

"என்ன டீச்சரம்மா, காலேஜ பூட்டிட்டாவளா?" என்றார்.

"அந்த ஃப்ளாப்பிய தொறந்தீங்களா?"

"தொறக்காம? கூரியர்காரன் தூக்கி எறிஞ்சிட்டுப் போறான். கெட்டுப்போச்சான்னு பாக்கண்டாமா?"

"பாத்து?"

"ஒரே சைபரும் மைனசுமாக் கெடக்கு. வெளிச்சம் மைனசுல இருக்குமா, நீயே சொல்லு. வரிசைப்படுத்தி அம்புட்டுச் சோடையையும் பொறுக்கிட்டேன். பத்தி ஒரு நூல் பிசகல, பாத்தியா?"

"எதுல சேமிச்சீங்க?"

"அதே ஃப்ளாப்பிலதான். பெறகு எதுல?"

வத்தலுக்கு நடுவில் உட்கார்ந்து கூலிக்குச் சோடை பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல் சொன்னாள்: "அண்ணாச்சிக்கும் ஒரு டாக்டர் பட்டம் வாங்கிக் குடுத்துரு தாயி."

அவர் சிரித்தார்.

"அந்தச் சோடைதான் எனக்கு வேணும்" என்றேன்.

"வெளையாடாத."

"விளையாடல."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்ததை நின்று பார்த்தேன். ஃப்ளாப்பியை வாங்கி மூன்று தடவை போட்டுப் போட்டு எடுத்தார். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு இடமாகத் தேடினார். எங்கேயும் பழைய பிரதி இல்லை. அக்கா பொறுக்குவதை நிறுத்தியிருந்தாள்.

கடைத் தொலைபேசியில் சென்னைக்குப் பேசினேன். கருவி பார்ப்பவர் சொன்னார்: "உங்களோடது போன வாரமே அழிச்சாச்சு மேடம். டிஸ்க்ல இடமில்லை. உங்க கையிலதான் ஃப்ளாப்பி இருக்கேன்னு நினைச்சேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற படிகம் இருந்தா நாளைக்கே எடுத்துட்டு வாங்க. சனி, ஞாயிறு மிஷின் சும்மா இருக்கு. விட்டா அப்புறம் மூணு மாசம் ஆகும்" என்றார்.

மூன்று மாதத்தில் என் பதிவே செத்துப்போயிருக்கும்.

ஆய்வகத்துக்கு ஓடிச் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்று இரண்டாய் வெடித்திருந்தது. இன்னொன்று பால்போல் வெளுத்திருந்தது. ஒன்றே ஒன்று கண்ணாடியாய் மிச்சம். திரவத்துக்குள் இருக்கும்வரை அதற்கு உயிர். மூடி கசிந்து திரவம் வடிந்தால் கால்மணி நேரம் தாங்காது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். சீசாவை ஈரத்துணியில் சுற்றி, எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி, பஞ்சு திணித்து அவரே கட்டியிருந்தார். சென்னை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் கீழே நின்றார், கைவிரல்களில் வத்தல் கறை.

"நானும் வாரேன்."

"நாளைக்கு மூட்டை வருதுல்லா. இருங்க."

"நல்லதுன்னு நெனச்சுத்தான்ட்டி செஞ்சேன்."

"தெரியும்."

"ஒருவாட்டி வஞ்சிட்டாவது போ. இப்பிடிச் சும்மா பாக்காத."

திட்டாமல் டம்ளரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"வந்து வையுதேன்" என்றேன்.

பஸ் உறுமிக்கொண்டு பின்னால் நகர்ந்து திரும்பியது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நாலெட்டு நடந்தார்.

"சீசாவ மடியிலயே வச்சுக்கோ. தூங்கிராத."