கதவுக்கு அடியில் போகும் குளிர்

எங்கள் ஸ்ரீரங்கத்து வீடு பழையது. படுக்கையறையில் ஏசி எவ்வளவு ஓடினாலும் குளிர் தங்குவதில்லை.

இன்று காலை பார்க்க வந்த மெக்கானிக், “ஏசி நல்லாத்தாங்க இருக்கு. குளிரெல்லாம் கதவுக்கு அடியில போயிடுது” என்றார்.

குனிந்து பார்த்தேன். விரல் நுழையும் இடைவெளி. மதியமே ரப்பர் பட்டை வாங்கி வந்து ஒட்டிவிட்டேன்.

என் மாமனாருக்கு ஏசி ஆகாது. அந்த அறைக்குள் வரவே மாட்டார். கதவுக்கு வெளியே கூடத்தில் நாற்காலி போட்டு, காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்.

இன்று சாயங்காலம் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே பேப்பரை மடித்துவிட்டார்.

“கதவுல என்னம்மா ஒட்டியிருக்க?”

“குளிர் வெளியே போகாம இருக்கறதுக்கு, மாமா.”

“பழைய வீடும்மா. காத்து போக வர வழி வேணும்.”

“உள்ள வந்து உக்காருங்களேன்.”

“எனக்குத்தான் ஏசி ஒத்துக்காதே.”

நாற்காலிக்கு நேராக ஒரு சாண் அளவு பட்டையை வெட்டி எடுத்தேன். வெளிச்சம் திரும்பிவிட்டது போலிருக்கிறது. மறுபடியும் பேப்பரை விரித்துவிட்டார்.

உங்கள் வீட்டில் ஏசி ஒத்துக்கொள்ளாதவர் எங்கே நாற்காலி போடுகிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.