கழுத்து திரும்பாத ஃபேன்

அப்பாவிடம் ஒரு விஷயத்தை நேரில் சொல்லத் தைரியமில்லாதவன், ஐம்பது வயதில், நாடகம் எழுதுவான். நான் எழுதினேன். ஓர் அறை, ஒரு மகன், ஓர் அப்பா. அப்பா மேடைக்கே வரமாட்டார். அவருக்குப் பதிலாக ஒரு டேபிள் ஃபேன், கழுத்து இறுகிப்போய் சுவரைப் பார்த்து நிற்கும். கடைசிக் காட்சியில் மகன் சுவிட்சைப் போட்டுவிட்டு அதன் காற்று எட்டாத பக்கத்தில் வேர்வையோடு உட்கார்ந்து, ஒரு தடவை என் பக்கம் திரும்பக் கூடாதா என்று கேட்பான். ஃபேன் திரும்பாது. விளக்கு அணையும். ஜனங்கள் கலங்குவார்கள். திட்டம் இதுதான்.

ஃபேன் எங்கள் வீட்டினுடையது. ஒத்திகையும் செங்கல்பட்டில் எங்கள் ஹாலிலேயே நடந்தது. லாரி ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, பேப்பருக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கவனித்தார். நடுஹாலில் ஒரு ஜோடி செருப்பு வைத்திருந்தேன். மகன் வீட்டைவிட்டுப் போக நினைப்பதற்கு அடையாளம். அப்பா அதை எடுத்துக்கொண்டுபோய் வாசலில் விட்டார்.

"வூட்டுக்குள்ள செருப்ப எவன்டா வெப்பான்?"

குறியீடு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மறுநாளும் வாசலில் விட்டார். ஃபேனைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. புரிந்ததா இல்லையா என்று தெரியாமல் எனக்குத்தான் தூக்கம் கெட்டது.

நாடகம் மாமல்லபுரத்தில், கடலோரத் தோட்டம் ஒன்றில். வேனின் முன் சீட்டில் அப்பா ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அன்று பார்த்துக் கடல் காற்றும் இல்லை.

மகனாக நடித்த என் ஆபீஸ் நண்பர் சுவிட்சைப் போட்டு, உட்கார்ந்து, உருக்கமாகக் கேட்டார். ஃபேன் லேசாக முனகியது. பிறகு நிதானமாகக் கழுத்தைத் திருப்பி அவர் முகத்தில் வீசியது. தலைமுடி பறந்தது. நண்பர் மிச்ச வசனத்தை மறந்து கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது.

திரும்பும்போதும் அப்பா முன் சீட்டில்தான்.

"ஃபேன நீ தொட்டியா நைனா?" என்று அவர் பிடரியைப் பார்த்துக் கேட்டேன். லாரியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போன காலத்திலிருந்து எனக்கு நன்றாகப் பழக்கமான பிடரி.

"காலைலதான் ஸ்க்ரூவ கயட்டி எண்ணெ வுட்டேன். தெனம் அந்தப் புள்ள வேர்த்துக்கினு கேக்குறான். எத்தினி நாளு பாத்துக்கினு இருக்கறது?"

அந்தப் பிள்ளைக்கும் என் வயதுதான்.

கொஞ்ச தூரம் போனதும், மடியில் ஃபேனும் குறுக்கே சீட் பெல்ட்டுமாக, சிரமப்பட்டு உடம்பையே திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு அங்க காத்து வருதாடா?"

வேனில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"வருது நைனா" என்றேன்.