பேத்தியின் சூப்பில் போட்ட உப்பு

எங்கள் மந்தைவெளி வீட்டில் எல்லாருக்கும் ஒரே குக்கரில்தான் காய்கறி சூப். உப்பும் மிளகும் போடுமுன் என் மகள் தன் ஏழு மாதக் குழந்தைக்கு ஒரு கிண்ணம் எடுத்து மசித்துவிடுவாள். "ஒரு வயசு வரைக்கும் உப்பு கூடாதுப்பா" என்று எச்சரித்தும் இருந்தாள். நாலு புத்தகம் படித்தவன் கேட்பானா? அவள் குளிக்கப் போகும் நேரத்தில், ஒரு வாரமாகச் சிட்டிகை உப்புப் போட்டு நானே ஊட்டினேன். பேத்தி கிண்ணத்தையே நக்கினாள். என் கைராசி என்று பீற்றிக்கொண்டேன்.

ஞாயிறன்று மகளே ஊட்டினாள். குழந்தை துப்பியது.

"என் கையால குடுத்தா மட்டும் ஏம்ப்பா துப்பறா? நான் என்ன தப்பு பண்றேன்?" என்று அழுதுவிட்டாள்.

உண்மையைச் சொன்னேன். அவள் கத்தவில்லை, ஸ்பூனை நீட்டி, "இனிமே உப்பில்லாம நீங்களே பழக்குங்க" என்றாள்.

பேத்தி என் முகத்தில் மூன்று முறை துப்பினாள். மூன்றும் எனக்குச் சேர வேண்டியதுதான்.