நடுவர் கேட்ட ஒரு கேள்வி

2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷன் மைதானத்தில் எங்கள் அணியின் பதினொரு பேரும் வந்திருந்தோம். கர்க்லாண்ட் பக்கத்திலிருந்து எதிரணிப் பெடியன்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்களில் ஜெர்மனியிலிருந்து கல்யாண வீட்டுக்கு வந்த என் சித்தப்பாவின் மகளும் இருந்தாள். வராதவர் நடுவர் மட்டும்தான். லவாலில் கார் நின்றுவிட்டதாம்.

தமிழ்ப் பெடியன்களின் கோடைகால உதைபந்தாட்டச் சுற்றில் அது கடைசி ஞாயிறு. வென்றால் முதலாம் பிரிவில் நிற்போம், இல்லையென்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்குவோம். அந்தப் பிரிவின் ஆட்டங்கள் எல்லாம் இல்-பிசார் தீவில். அங்கே பஸ் குறைவு. எங்களில் கார் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். பாதிப்பேர் உணவகங்களில் ஞாயிறு மாலை வேலைக்குப் போகிறவர்கள். இறங்கினால் அணியே கலைந்துவிடக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அணித்தலைவன் நான். என் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் என்பதால், எங்கே பேச வேண்டியிருந்தாலும் என்னைத்தான் முன்னுக்குத் தள்ளுவார்கள். அன்றைக்கு எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நடுவர் இல்லாவிட்டால் ஆட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை.

"ஜெர்மனியில எண்டா இதுக்கு ஆட்டத்தை நிப்பாட்டமாட்டினம்" என்றாள் தங்கச்சி, புல்லில் இருந்தபடியே. "ரெண்டு கப்டன்மாரும் ஒத்துக்கொண்டா ஆரும் ரெஃப்ரியா நிக்கலாம்."

அப்போதுதான் அவள் தன்னைப் பற்றிச் சொன்னாள். ஜெர்மனியில் அவள் இருக்கும் சின்ன ஊரின் கழகம் மாவட்டத்தின் அடிமட்டப் பிரிவில் விளையாடுகிறதாம். ஒவ்வொரு கழகமும் தன் அணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நடுவர்களையும் கொடுக்க வேண்டுமாம், கொடுக்காவிட்டால் தண்டம். ஆள் கிடைக்காமல் கழகம் தவித்தபோது, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த இவள் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய் ஆண்களின் ஆட்டங்களுக்கும் விசில் ஊதுகிறாள். கோட்டோரம் உதவி நடுவர்கள் நிற்பதெல்லாம் மேல்மட்ட ஆட்டங்களில்தானாம். கீழே தனி ஆள்தான்.

முதலிடம் வருகிற அணி அடுத்த வருடம் ஒரு படி ஏறும், கடைசியில் நிற்பவை ஒரு படி இறங்கும், அந்தப் படிகள் ஊர்ப் புல்வெளியிலிருந்து நாடே பார்க்கிற மைதானம் வரைக்கும் அறுந்துபோகாமல் போகும் என்றாள்.

எங்கள் முன்கள ஆட்டக்காரன் ஒருவன், வாய்க்குப் பேர்போனவன், கேட்டான்: "அப்ப நாங்களும் அங்க இருந்தா டிவியில வரலாமோ?"

"வரலாம் அண்ணை. பத்து வருசம் விடாம வெல்லோணும். இண்டைக்கு என்ன மாதிரி?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவன் விடவில்லை. "விசில் எண்டா குக்கர் விசில் இல்லைத் தங்கச்சி."

"குக்கர் மூண்டு தரம் ஊதும். நான் ஒருக்காத்தான் ஊதுவன்."

நான் சுற்றை நடத்தும் கொமிட்டிக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு அணியும் சம்மதித்தால் சரி என்றார்கள். அவள் நேரே எதிரணித் தலைவனிடம் போனாள். "நான் இவையின்ர கப்டனுக்குத் தங்கச்சி முறை. முதலே சொல்லுறன். வேண்டாம் எண்டா இப்பவே சொல்லுங்கோ, பேந்து சொல்லேலாது." அவர்களுக்குக் கிண்ண ஆட்டத்துக்குப் போக ஒரு புள்ளி தேவைப்பட்டது. அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். எங்கள் பக்கத்தில் ஒருவன் என் காதுக்குள், "இண்டைக்கு நாங்கள் தப்பினம்" என்றான். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன்.

இரவல் சப்பாத்தோடு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். பந்துக்குப் பக்கத்தில் எப்போதும் அவள் நின்றாள். முதல் பாதியிலேயே எங்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தாள். அது சரியான தீர்ப்பு என்று பெனால்டிக்குக் காரணமானவனுக்கே தெரியும். பெனால்டியை அவர்கள் கோலாக்க, இரண்டாம் பாதியில் நாங்களும் ஒன்று போட்டுச் சமப்படுத்தினோம்.

ஆட்டம் முடியும் நேரம். கோர்னரிலிருந்து வந்த பந்துக்குக் கோல் வாசலில் ஒரே நெரிசல். பந்து உள்ளே போனது. போட்டவன் அந்த வாய்க்காரன்தான். நாங்கள் அவன்மேல் விழுந்து கொண்டாட, எதிரணி "கை, கை" என்று கத்தியது. அவளுக்கும் வலைக்கும் நடுவில் பத்துப் பேர் நின்றார்கள். அவள் பார்த்திருக்க வழியே இல்லை.

அவள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு அவனிடம் வந்தாள். கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. "அண்ணை, நான் காணேல்லை. கையால தட்டினீங்களோ?"

 அவன் என்னைப் பார்த்தான். என்னால் இல்லை என்றும் தலையாட்ட முடியவில்லை, ஆம் என்றும் தலையாட்ட முடியவில்லை. அவன் திரும்பி அவளைப் பார்த்துச் சொன்னான்: "ஓம் தங்கச்சி. தட்டினனான்."

"நன்றி அண்ணை" என்று சொல்லிவிட்டு, கோல் இல்லை என்று கைகாட்டி எதிரணிக்குப் பந்தைக் கொடுத்தாள். ஒன்றுக்கு ஒன்று. சமநிலை. நாங்கள் இறங்கிவிட்டோம்.

உடை மாற்றும்போது எங்கள் ஆட்கள் அவனைப் பிய்த்து எடுத்தார்கள். "வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கலாமேடா. அந்தப் பிள்ளை காணேல்லை எண்டெல்லோ சொன்னது."

அவன் சப்பாத்து நாடாவை அவிழ்த்தபடி சொன்னான்: "மற்ற ரெஃப்ரிமார் என்னட்டக் கேக்கிறேல்லை. நான் பொய்தான் சொல்லுவன் எண்டு முதலே முடிவெடுத்திடுவாங்கள். அந்தப் பிள்ளை நான் சொல்லுறதை நம்பப்போகுது எண்டு முகத்தில தெரிஞ்சுது. பேந்து என்னெண்டு பொய் சொல்லுறது?"

 வெளியே எதிரணித் தலைவன் எங்களுக்காகக் காத்து நின்றான். அவன் கைகொடுத்தது எனக்கில்லை, அந்த வாய்க்காரனுக்கு.

வீட்டுக்கு நடக்கும்போது தங்கச்சியிடம் கேட்டேன், அவன் இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. "கோல் குடுத்திருப்பன். கேட்டால் நம்பத்தானே வேணும். தனிய நிண்டு ஊதேக்க வேற வழியில்லை அண்ணா" என்றாள், சாதாரணமாக.

அவளைவிட நான் வயதில் மூத்தவன், அவளைவிட அதிகம் படித்தவனும்கூட. ஆனாலும் ஒருவரைப் பற்றி நானாக முடிவெடுப்பதற்கு முன் அவரையே நேராகக் கேட்டுவிட வேண்டும், கேட்டால் நம்ப வேண்டும் என்கிற பழக்கம் எனக்கு வந்தது அன்றைக்குத்தான். வென்றால் மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று; கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதற்காக எங்கள் அணி கொடுத்த விலை வெறும் இரண்டு புள்ளிகள்.