பலகைக்கு அடியில் விட்ட இடைவெளி

உடம்பில் அலுப்பு இல்லாத நாள் எது என்று கேட்டால் குழந்தைவேலுக்கே சொல்லத் தெரியாது. விடிந்தால் உறுவையாறிலிருந்து வில்லியனூருக்கு நடை. அங்கே அரிசி ஆலையின் எண்ணெய் எஞ்சினோடு பகலெல்லாம் மல்லுக்கட்டு. பொழுது சாய்ந்தால் மறுபடி நடை. இப்படிப்பட்ட மனுஷன் வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுக்க வேண்டியதுதானே? ரேடியோ செய்ய உட்கார்ந்தார். ஆசைக்கு அல்ல, மனைவி ஆதிலட்சுமியின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான்.

அவளுடைய தம்பி உலகநாதன் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து சைகோன் போனவன். தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். சண்டை வந்தது, கப்பல் நின்றது, கடிதாசும் நின்றது. இரண்டு வருஷமாக இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சைகோன் ரேடியோவில் நம் பக்கத்துச் சொல்தாக்களின் பெயரை வாசிக்கிறார்களாம் என்று சந்தையில் எவனோ சொல்லித் தொலைத்தான். மெய்யோ பொய்யோ, அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கப்பலில் கம்பியில்லாத் தந்தி வேலை பார்த்த மரியதாஸ் என்ற சிநேகிதர், உடைந்துபோன ஒரு ரேடியோவிலிருந்து மூன்று வால்வுகளைக் கழற்றிக் கொடுத்தார். இவை போனால் சண்டை முடிகிற வரைக்கும் தலைகீழாக நின்றாலும் வேறு கிடைக்காது என்று சொல்லித்தான் கொடுத்தார்.

குழந்தைவேல் தேக்குப் பலகைத் துண்டை மெழுகில் வேகவைத்து, பித்தளை ஆணிகள் அடித்து, ஆணிக்கு ஆணி கம்பி இழுத்து ஈயம் பற்றவைத்தார். அதெல்லாம் ஒரு வேலையா? அந்தப் பலகையைத் தகரப் பெட்டிக்குள் பொருத்துவதில்தான் பிராணன் போயிற்று. ஆணிகளின் முனைகள் பலகைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு முனையில் பெரிய பாட்டரியின் தொண்ணூறு வோல்ட். பக்கத்து முனையில் வால்வுக்குள் இருக்கும் மயிரிழைக் கம்பிக்கான இரண்டே வோல்ட். ஏதாவது உலோகம் பட்டு இரண்டும் சேர்ந்தால் மயிரிழை பொசுங்கிவிடும்.

ஆகவே கொட்டாங்கச்சியைக் காசளவு வட்டமாக அறுத்துத் துளையிட்டு, மூன்று மூன்றாக அடுக்கி, நான்கு மூலைத் திருகாணிகளிலும் கோத்தார். பலகை தகரத்தைத் தொடாமல் ஒரு விரல் தடிப்பு எழும்பி நின்றது. கம்பி வெளியே வருகிற ஓட்டையில் தகர விளிம்பு அறுத்துவிடாதபடி சைக்கிள் டியூபு ரப்பரைச் சுற்றினார். முதல் தடவை ஒரு கொட்டாங்கச்சி வில்லை விரிசல் விட்டது, பிரித்தார். அடுத்த தடவை பலகை கோணியது, அதையும் பிரித்தார். எத்தனை நாள் பிரித்துப் பூட்டினாரோ, கை சலித்துப்போயிற்று.

ஒருநாள் ஆதிலட்சுமி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்து, இன்னாத்துக்கு இந்தச் சந்து என்று கேட்டாள். விளக்கிச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"அந்தச் சந்துலதான் இதோட உசுரே இருக்குது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாட்டரியை இணைத்து விசையைத் திருப்பினார். மூன்று வால்வுகளும் பளிச்சென்று ஒருமுறை வெளிச்சம் விட்டு அணைந்தன. அவ்வளவுதான். ஒரு இரைச்சல்கூட வரவில்லை.

நான்கு திருகாணிகளையும் கழற்றிப் பலகையைத் தூக்கினார். அடியில் ஒரு செப்புத் தகடு. கட்டம் போட்டு, எழுத்து கீறி, குங்குமம் தடவி, பூசாரி மந்திரித்துக் கொடுத்தது. மந்திரித்த தகட்டை வெறுமனே வைக்கக்கூடாதே, அதனால் மஞ்சள் துணியை நாலாக மடித்து அடியில் கொடுத்து, பெட்டியின் பின்பக்கத் திறப்பு வழியாகச் செருகியிருந்தாள் ஆதிலட்சுமி. தகடு எழும்பி ஆணி முனைகள் அத்தனையிலும் அழகாகப் பொருந்தியிருந்தது.

குழந்தைவேலுக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. பாழாய்ப் போனவளே என்று கத்தத்தான் திரும்பினார். அவள் சுவரோரம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அணைஞ்சி போச்சே" என்றாள். "எந்தம்பி போய்ட்டானா?"

கோபம் அப்படியே வடிந்துவிட்டது. வால்வு பழசு என்று சொல்லித் தகட்டை மறைத்துவிடலாம். பழி அவள்மேல் விழாது. ஆனால் எரிந்து அணைந்ததைத் தம்பியின் சாவாகத்தான் எடுத்துக்கொள்வாள். தகட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"அவனுக்கு ஒண்ணும் ஆவல. நீ வெச்ச இதுதான் எரிச்சிடுச்சி."

"உசுரு அங்கதான் இருக்குதுன்னு சொன்னீங்களேன்னு வெச்சேன்." தகட்டைப் புரட்டிப் பார்த்தாள். "அப்போ என்னாலதானா? வேற ஒண்ணுமில்லியே?"

"உன்னாலதான், ஆதி."

அவள் ஓவென்று அழுதாள். என்னாலதான், என்னாலதான் என்று சொல்லிச் சொல்லி அழுது, அழுகையெல்லாம் தீர்ந்ததும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு உலை வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த குழந்தைவேல் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டார். அவருக்கு என்ன தெரியும்? கேட்டுத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியும் பொசுங்கிப்போய்ப் பக்கத்தில் கிடந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.