ஆடுகிற பட்டன்

சிதம்பரத்து டைப்பிங் சென்டரில் மாலதி ஒருத்திதான் வேலைக்கு. ஓனர் காலையில் கடையைத் திறந்துவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவார். யார் யாரோ எழுதின ஆய்வேடுகளை அடித்துக்கொண்டு கிடப்பாள். பழைய கீபோர்டு மட்டும் டக்டக்கென்று சத்தம் போடும்.

அதில் உடைந்துபோன மூன்று பட்டன்களுக்குப் பதிலாக, கடலூர் மெக்கானிக் ராஜவேல் வேறொரு கீபோர்டிலிருந்து பிடுங்கி மாட்டியிருந்தார். அதில் ஒன்று லொடலொடவென்று ஆடி, விரலோடு கழன்று வந்துவிடும். உடனே போன் போடுவாள். அவர் வந்து அழுத்தி மாட்டிவிட்டு, டீ குடித்தபடி மழை, பஸ், மகள் படிப்பு என்று பேசிவிட்டுப் போவார்.

ஒருநாள் புது ஆள் வந்தான். ராஜவேல் திருப்பூருக்குப் போய்விட்டாராம். பாலிதீன் கவரில் துளியூண்டு கிழித்து, பட்டனுக்குள் வைத்து அழுத்தினான். ஆட்டம் நின்றுவிட்டது. மற்ற இரண்டையும் கழற்றிப் பார்த்தான்.

"இதுலயெல்லாம் ஏற்கெனவே கவர் வச்சிருக்கே. யாருக்கா வச்சது?"

"நான்தான்."

"அப்ப இதுக்கும் வச்சிருக்கலாமே, எதுக்குப் போன் போட்டுக்கிட்டு?"

"டீ சொல்லவா?" என்றாள் மாலதி.

"வேணாங்க்கா, நேரமாவுது. இனிமே இது கழலாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.